எதனோல் கலந்த பெற்றோல்: நம் மலை ரோட்டில் மைலேஜ் எவ்வளவு அடிவாங்கும்?

நோர்வூட்_ரைடர்:

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 125 சிசி பைக், காபரேட்டர் வண்டி, 2014இல் பதிவானது. தினமும் நோர்வூட்டிலிருந்து ஹட்டனுக்கு வேலைக்குப் போய் வருகிறேன். லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடிய வண்டி இப்போது 38தான் தருகிறது. மூன்றாவது கியரில் ஏறிய மேட்டில் இரண்டாவதுக்கு இறக்க வேண்டியிருக்கிறது. பெற்றோல் செட்டில் கேட்டால் எண்ணெயில் ஒரு குறையும் இல்லை என்கிறார்கள்.

இந்தியாவில் இ20 (நூற்றுக்கு இருபது எதனோல் கலந்த பெற்றோல்) வந்த பிறகு மைலேஜ் போய்விட்டது, டேங்க் துருப்பிடிக்கிறது, ரப்பர் கரைகிறது என்று யூடியூப் முழுக்க இதே பேச்சு. இங்கேயும் யாருக்கும் சொல்லாமல் எதனோல் கலக்கிறார்கள் என்று எங்கள் வேலைத்தளத்தில் பாதிப் பேர் நம்புகிறார்கள். அது உண்மையா? உண்மை என்றால் இவ்வளவு குறையுமா? வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சம்பளத்தில் பெரிய பங்கு பெற்றோலுக்கே போகிறது.

தலவாக்கலை_கராஜ்:

தம்பி, இந்தியாவைப் போல எதனோலைக் கட்டாயமாகக் கலக்கும் திட்டம் இலங்கையில் நடைமுறையில் இல்லை. நம் செட்டுகளில் விற்பது பெரும்பாலும் 92, 95 என்ற இரண்டு ஒக்டேன் வகைகள்தான். ஒக்டேன் என்பது இஞ்சின் தட்டாமல் எரியும் தன்மையைக் காட்டும் எண்.

சரி, யாராவது களவாகக் கலக்கலாமே என்று கேட்பீர்கள். அதையும் யோசித்துப் பாருங்கள். எதனோல் இறக்குமதியை 2020 ஜனவரியில் தடை செய்தார்கள். உள்ளூரில் காய்ச்சுவது மதுபானத்துக்குப் போகிறது, அதன் ஒவ்வொரு லீற்றருக்கும் கலால் கணக்கு இருக்கிறது. கலப்படம் செய்து காசு பார்க்க நினைப்பவன் அவ்வளவு தூரம் போய் எதனோல் தேடமாட்டான். அவனுக்கு மண்ணெண்ணெய் போதும். மண்ணெண்ணெய் கலந்தால் ஒக்டேன் இறங்கும், ஏற்றத்தில் இஞ்சின் தட்டும், பிளக்கில் கரி பிடிக்கும், சைலன்சரிலிருந்து வரும் வாசமே வேறாக இருக்கும்.

உங்கள் பைக்கைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் 50இலிருந்து 38 என்பது பெரிய இறக்கம். எண்ணெயைச் சந்தேகிப்பதற்கு முன் எயார் ஃபில்டர், பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா, கிளச் வழுக்குகிறதா, டயரில் காற்று, சோக் முழுதாகத் திரும்புகிறதா, இவ்வளவையும் பாருங்கள். மழைக்காலத்தில் எங்கள் கராஜுக்கு மைலேஜ் முறைப்பாட்டோடு வரும் பைக்குகளில் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான் காரணம்.

வெலிமடை_டீச்சர்:

உயர்தரத்துக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன், அதனால் கணக்கை மட்டும் நான் சொல்கிறேன்.

ஒரு லீற்றர் பெற்றோலை எரித்தால் ஏறத்தாழ 32 மெகா யூல் சக்தி கிடைக்கும். ஒரு லீற்றர் எதனோலில் கிடைப்பது ஏறத்தாழ 21. எதனோல் மூலக்கூறில் ஏற்கெனவே ஒட்சிசன் இருக்கிறது, நிறையில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். பாதி எரிந்த நிலையில் உள்ள எரிபொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் எரிய மிச்சமிருப்பது குறைவு.

ஆக எதனோலில் மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. நூற்றுக்குப் பத்து கலந்தால் ஒரு லீற்றர் கலவையில் 3.4 சதவீதம் குறையும். இருபது கலந்தால் 6.9 சதவீதத்துக்குக் கிட்ட வரும். இஞ்சின் தன் பங்குக்குக் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம், ஆனால் அடிப்படைக் கணக்கு இதுதான். 50 ஓடும் பைக் இ10இல் 48க்குக் கொஞ்சம் மேலேயும், இ20இல் 46, 47இலும் நிற்க வேண்டும்.

இப்போது தம்பியின் 38ஐப் பார்ப்போம். அது 24 சதவீத இழப்பு. அவ்வளவும் எதனோலால் வந்தது என்றால் டேங்கில் 70 சதவீதம் எதனோல் இருக்க வேண்டும். பெற்றோலுக்கென்று ஜெட் (எண்ணெய் வரும் சின்னத் துளை) வைத்த காபரேட்டர் பைக் அந்தக் கலவையில் ஒழுங்காக ஓடாது. ஒரு பங்கு பெற்றோலுக்கு நிறையில் 14.7 பங்கு வளி தேவைப்படும் இடத்தில் எதனோலுக்கு 9 பங்குதான் தேவை. காபரேட்டருக்கு அது தெரியாது, பழைய கணக்கிலேயே வளியை விடும். நோர்வூட்டிலிருந்து ஹட்டன் ஏறுவதற்கு முன்பே நின்றுபோயிருக்கும்.

நானுஓயா_த்ரீவீல்:

டீச்சர் சொல்வது கணக்குக்குச் சரியாக இருக்கலாம். ஆனால் மூன்று சதவீதம், ஆறு சதவீதம் என்று எழுதும்போது சின்னதாகத் தெரிகிறது. எங்களுக்கு அது சின்னது இல்லை. நான் நானுஓயா ஸ்டேஷனிலிருந்து நுவரெலியாவுக்கு ஹயர் ஓடுகிறேன். ஒரு நாளில் பெற்றோல் போக மிஞ்சுவதுதான் வீட்டுச் செலவு. எரிபொருள் செலவு ஆறு சதவீதம் கூடினால் அது முழுக்க அந்த மிச்சத்திலிருந்துதான் போகும். கூலியைக் கூட்டினால் ஆட்கள் பஸ்ஸில் போய்விடுவார்கள்.

அதே நேரம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022இல் செட் வரிசையில் இரவெல்லாம் வண்டிக்குள்ளேயே படுத்துக் கிடந்தோம். கியூஆர் கோட் வந்த பிறகுதான் வரிசை அடங்கியது. நாட்டில் டொலர் இல்லாததால் எண்ணெய் வரவில்லை என்றார்கள். அப்படியானால் இங்கேயே செய்யும் எதனோலை நூற்றுக்குப் பத்து கலந்தால் அந்த அளவுக்கு டொலர் மிஞ்சாதா? மைலேஜ் கொஞ்சம் போனாலும் வரிசையில் நிற்காமல் இருப்பது நல்லது இல்லையா?

வெலிமடை_டீச்சர்:

நல்ல கேள்வி அண்ணா. பக்கத்திலேயே இருக்கும் உதாரணத்தை எடுப்போம். ஊவா மாகாணத்திலேயே, மொனராகலை மாவட்டத்தில் பெல்வத்தை, செவனகலை சீனித் தொழிற்சாலைகள் இருக்கின்றன. கரும்பிலிருந்து சீனி எடுத்த பிறகு மிஞ்சும் பாணியை நொதிக்க வைத்துத்தான் அங்கே எதனோல் காய்ச்சுகிறார்கள். ஒரு தொன் கரும்பின் சாறு முழுவதையும் எதனோலாக்கினால் 70 லீற்றர் அளவில் வரும். சீனியை எடுத்துவிட்டு மிச்சப் பாணியை மட்டும் காய்ச்சினால் 10 லீற்றர் சொச்சம்தான்.

நாம் சாப்பிடும் சீனியில் பெரும்பகுதி இன்னும் இறக்குமதி. சாற்றை எதனோலாக்கி எண்ணெயில் டொலரை மிச்சம் பிடித்தால், அதே டொலரைச் சீனிக்குக் கொடுக்க வேண்டும். பாணியை மட்டும் நம்பினால் நாடு முழுக்கப் பத்து சதவீதம் கலக்க அது போதாது. பிரேசிலால் முடிகிறது என்றால் அங்கே 1975இலேயே அதற்கென்று தேசியத் திட்டம் தொடங்கி, நிலமும் கரும்பும் ஆலையும் சேர்த்தே வளர்த்தார்கள். இன்று அங்கே சாதாரண பெற்றோலிலேயே 30 சதவீதம் எதனோல். நமக்கு அந்த நிலப்பரப்பும் இல்லை, மொனராகலையில் அவ்வளவு தண்ணீரும் இல்லை. எதனோல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை வைத்து 2022 மறுபடி வராது என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள்.

கோத்தகிரி_குமார்:

வணக்கம். நான் நீலகிரியிலிருந்து எழுதுகிறேன். அப்பா பொகவந்தலாவையில் பிறந்தவர். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்பத்தோடு இங்கே வந்து டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தார். சொந்தக்காரர்கள் அங்கே நிறையப் பேர் இருப்பதால் இந்தக் குழுவைத் தொடர்ந்து படிக்கிறேன். நாங்களும் மலையில்தான் ஓட்டுகிறோம், அதுவும் எத்தனால் கலந்த பெட்ரோலில். அதனால் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன்.

இந்தியா 2022 ஜூனில் பத்து சதவீதத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் இ20 சில ஊர்களில் தொடங்கி, இப்போது எல்லா பெட்ரோல் பங்கிலும் அதுதான். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகள் இ20க்கு ஏற்ற பாகங்களோடு வருகின்றன. பிரச்சினை அதற்கு முந்தைய வண்டிகளுக்குத்தான்.

மைலேஜ் பற்றி இந்திய அரசின் கொள்கை அமைப்பான நிதி ஆயோக் 2021 அறிக்கையிலேயே மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். பழைய வடிவமைப்பில் வந்து இ10க்கு டியூன் செய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம், அதே மாதிரி பைக்குகளில் 3 முதல் 4 சதவீதம், இ10க்கு வடிவமைத்து இ20க்கு டியூன் செய்த கார்களில் 1 முதல் 2 சதவீதம் குறையும் என்று. டீச்சர் சொன்ன கணக்கோடு இது ஒத்துப்போகிறது. என் பழைய பைக்கிலும் குறைந்தது தெரிகிறது, ஆனால் வீடியோக்களில் சொல்வது போல பாதியாகவெல்லாம் போகவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏறும்போது இழுவையில் பெரிய வித்தியாசம் எனக்குப் படவில்லை.

எனக்குத் தொல்லை கொடுத்தது வேறு. முதலில் ஃபில்டர் அடைத்தது. டேங்கில் வருஷக்கணக்கில் படிந்த அழுக்கை எத்தனால் கரைத்துக் கீழே கொண்டுவந்துவிட்டது. அப்புறம் பெட்ரோல் டியூப் விறைத்து, கிளிப் போட்ட இடத்தில் கசிந்தது. மழைக்காலத்தில் வண்டியை ஓட்டாமல் வைத்திருந்துவிட்டு எடுத்தபோது ஸ்டார்ட் ஆகவில்லை. மெக்கானிக் கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் தண்ணீர் மாதிரி ஒன்று தனியாக நின்றது.

எனக்கு உண்மையான வருத்தம் விலையில்தான். எரிசக்தி குறைவதால் எத்தனால் கலந்த பெட்ரோலைக் குறைந்த விலையில் விற்க வேண்டும் என்று அதே அறிக்கையில் சொல்லியிருந்தார்கள். பங்கில் விலை குறையவில்லை. எத்தனால் இல்லாத சாதாரண பெட்ரோலும் பக்கத்தில் கிடைக்காது. எதைப் போடுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை எங்களிடம் இல்லை.

தலவாக்கலை_கராஜ்:

குமார் அண்ணன் சொன்ன அந்த அடித்தண்ணீர் விஷயத்தை நம் ஊர்க்காரர்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் வண்டிகளுக்கு மைலேஜை விட இதுதான் பெரிய விஷயம் என்பது என் அபிப்பிராயம்.

எதனோல் ஈரத்தை இழுக்கும். பத்து சதவீதக் கலவை சுமார் 15 பாகை வெப்பநிலையில் அரை சதவீதம் அளவுக்குத்தான் தண்ணீரைத் தன்னோடு கரைத்து வைத்திருக்கும். பத்து லீற்றர் டேங்கில் 50 மில்லிலீற்றர், ஒரு சின்னத் தேநீர்க் கோப்பையில் பாதி. அதற்கு மேல் போனால் எதனோலும் தண்ணீரும் சேர்ந்து பெற்றோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். இஞ்சின் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். மேலே மிஞ்சும் பெற்றோலிலும் எதனோல் போய்விடுவதால் ஒக்டேன் குறைந்திருக்கும். குளிர் கூடக் கூட அது தாங்கும் தண்ணீரின் அளவு இன்னும் குறையும். பகலில் வெயில், இரவில் நுவரெலியாக் குளிர், மே முதல் செப்டெம்பர் வரை மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் விடாத மழை. அரை டேங்கோடு வெளியில் நிற்கும் பைக்கின் டேங்குக்குள் வேர்க்காமல் இருக்குமா?

செட்டுகளுக்கும் இதே கதைதான். நிலத்தடி டேங்கில் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலும் இப்போதைய பெற்றோலில் அது அடியில் தனியாகக் கிடக்கும், பம்ப் அதற்கு மேலிருந்து எடுக்கும். எதனோல் வந்தால் அந்தத் தண்ணீரைக் கலவை இழுத்துக்கொள்ளும். கொட்டகலை, ஹப்புத்தளை டிப்போக்களிலும், அங்கிருந்து வாங்கும் ஒவ்வொரு செட்டிலும் டேங்குகளைக் காய வைத்துச் சுத்தம் செய்யாமல் இதைத் தொடங்கினால் கராஜ்களில் நிற்க இடம் இருக்காது.

பதுளை_வேகன்ஆர்:

இவ்வளவு பேரும் காபரேட்டர் பற்றியே பேசுகிறீர்கள். இப்போது ஓடும் கார்களில் பெரும்பாலானவை இன்ஜெக்ஷன்தான். சைலன்சர் பக்கம் இருக்கும் ஒட்சிசன் சென்சர் பார்த்து எண்ணெயைக் கூட்டிக்கொள்ளும். எனக்கு ஜப்பானிலிருந்து வந்த 660 சிசி ஹைபிரிட். இதில் எதனோல் போட்டால் மைலேஜ் மட்டும்தான் கொஞ்சம் குறையும், வேறு ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறேன். சரிதானா?

தலவாக்கலை_கராஜ்:

எண்ணெய்க் கலவையைப் பொறுத்தவரை சரி. காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் இருந்தால் ஃபுவல் டிரிம் என்ற எண்ணைப் பாருங்கள், இஞ்சின் எண்ணெயை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதை அது காட்டும். பத்து சதவீத எதனோலுக்கு அது மூன்று நான்கு சதவீதம் அளவில் மேலே நகரும், அதைத் தாண்டி இஞ்சின் லைட் எரிய வேண்டிய அவசியம் இல்லை.

ஆனால் ரப்பரும் உலோகமும் வேறு கேள்வி. உங்கள் கார் ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்தது. அங்கே சாதாரண பெற்றோலில் எதனோலுக்கு 3 சதவீதம்தான் எல்லை. 10 சதவீதத்துக்கு ஏற்ற வண்டி என்றால் அதைத் தனியாகக் குறிப்பிடுவார்கள். அந்த வகைப்படுத்தலே 2012 அளவில்தான் வந்தது. ரீகண்டிஷன் வண்டி வைத்திருப்பவர்கள் எண்ணெய் மூடியின் உட்பக்கத்தையும் கையேட்டையும் பாருங்கள். ஒரே மொடல் பெயரில் இந்தியாவில் செய்ததும் இருக்கும், ஜப்பானில் செய்ததும் இருக்கும். இரண்டையும் ஒன்றாக நினைக்கக்கூடாது. 2020இல் இறக்குமதியை நிறுத்தி 2025இல்தான் மறுபடி திறந்தார்கள், அதனால் நம் ரோட்டில் ஓடுவதில் பெரும்பகுதி பழைய வண்டிகள். இ20 வண்டி என்று இந்தியாவில் சொல்வது நம்மிடம் இருப்பது மிகக் குறைவு.

வெலிமடை_டீச்சர்:

மலை உயரம் பற்றி ஒருவரும் பேசவில்லையே. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி அதுதான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வளியமுக்கம் கடல்மட்டத்தில் இருப்பதில் 80 சதவீதம் அளவுதான். டர்போ இல்லாத இஞ்சின் ஒவ்வொரு முறையும் உள்ளே இழுக்கும் வளியும் அந்த அளவுக்குக் குறைவு. கொழும்பில் கிடைக்கும் வலுவில் ஐந்தில் ஒரு பங்கு நுவரெலியாவில் கிடைக்காது. இது எண்ணெயின் குறை இல்லை, எந்த எண்ணெய் ஊற்றினாலும் இதுதான். கொழும்பில் ஓடிப் பழகியவர்கள் இங்கே வந்து பெற்றோல் சரியில்லை என்று சொல்வதில் பாதி இதனால் வருவது.

இரண்டாவது, காபரேட்டர். வளி ஐதாகும்போது சாதாரண காபரேட்டர் அதே விகிதத்தில் எண்ணெயைக் குறைக்காது. கொழும்பில் டியூன் செய்த வண்டி நுவரெலியாவில் 8, 10 சதவீதம் அதிக எண்ணெயோடு ஓடும். கறுப்புப் பிளக், கறுப்புப் புகை, மைலேஜ் குறைவு எல்லாம் அதன் அடையாளம். எதனோல் இதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. ஒட்சிசனைத் தன்னோடு கொண்டுவருவதால் கலவையை ஐதாக்கும் (எண்ணெய் குறைந்து வளி கூடியது போல ஆக்கும்), இ10 என்றால் 4 சதவீதம், இ20 என்றால் 8 சதவீதம் அளவில். ஆகவே மேலே மலையில் அந்த இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்யும். கொழும்பில் இ20இல் திணறும் ஒரு பழைய த்ரீவீல் நுவரெலியாவில் நன்றாகவே ஓடக்கூடும்.

ஆபத்து இறங்கும்போது இருக்கிறது. மலைக்கென்று ஜெட்டைக் குறைத்து வைத்த வண்டியில் எதனோல் கலவையை ஊற்றிக்கொண்டு கித்துல்கலை தாண்டிக் கீழே போனால் கலவை மிக ஐதாகிவிடும். இஞ்சின் சூடாகும், பிளக் வெள்ளையாகும், வால்வு எரியும். கராஜ் அண்ணா இதை உறுதிப்படுத்துவார் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, ஒக்டேன். எதனோலின் ஒக்டேன் 108 அளவில், பெற்றோலை விட மிக அதிகம். ஆவியாகும்போது பெற்றோலை விட இரண்டு மடங்குக்கும் மேலான வெப்பத்தை உறிஞ்சி உள்ளே வரும் வளியைக் குளிர்விக்கும். அதனால் அதிக அழுத்த விகிதமுள்ள இஞ்சினுக்கும் டர்போ இஞ்சினுக்கும் அது உண்மையிலேயே நல்லது. ஆனால் நம் உயரத்தில் வளியே ஐதாக இருப்பதால் சாதாரண இஞ்சின் தட்டும் வாய்ப்பு ஏற்கெனவே குறைவு. அமெரிக்காவில் கொலராடோ போன்ற மலை மாநிலங்களில் மற்ற இடங்களில் விற்கும் 87க்குப் பதில் 85 ஒக்டேன் விற்பது இதனால்தான். அவர்கள் அளக்கும் முறை வேறு, நம் 92உடன் அந்த எண்ணை நேராக ஒப்பிட வேண்டாம். விஷயம் இதுதான்: எதனோல் தரும் ஒக்டேன் நன்மை கொழும்புக்காரருக்குக் கிடைக்கும் அளவு நுவரெலியாக்காரருக்குக் கிடைக்காது, சக்தி இழப்பு மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

தலவாக்கலை_கராஜ்:

நூற்றுக்கு நூறு சரி டீச்சர். கீழே போய் வால்வு எரிந்து திரும்பிய வண்டிகள் எதனோல் இல்லாமலேயே எங்களிடம் வருகின்றன. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பல பைக்குகளில் இப்போது இருக்கும் சீவி வகைக் காபரேட்டர் உயரத்துக்கு ஏற்ப ஓரளவு தானாகவே சரிசெய்துகொள்ளும். பழைய த்ரீவீல்களிலும் சின்ன பைக்குகளிலும் அது கிடையாது.

நானுஓயா_த்ரீவீல்:

அப்போ காலைக் குளிரில் ஸ்டார்ட் ஆகுமா? ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி விழும் நாட்களும் உண்டு. இப்போதே சோக் இழுத்து மிதிக்க வேண்டியிருக்கிறது.

கோத்தகிரி_குமார்:

எங்கள் ஊரிலும் அதே குளிர்தான் அண்ணே, இ20இல் ஸ்டார்ட் ஆகிறது. கொஞ்சம் கூடுதலாகச் சோக் தேவைப்படலாம். முழு எத்தனாலில் ஓடும் வண்டிகளுக்குத்தான் அந்தச் சிக்கல். பிரேசிலில் அதற்காகவே முன்பு காரில் தனியாக ஒரு சின்ன பெட்ரோல் டேங்க் வைத்திருந்தார்கள்.

வெலிமடை_டீச்சர்:

தம்பி கேட்ட வீட்டுச் சோதனையை இப்போது சொல்கிறேன். அளவுக் கோடு போட்ட நீளமான கண்ணாடிக் குழாய் வேண்டும். 10 மில்லிலீற்றர் தண்ணீரை ஊற்றி, அதன் மேல் 90 மில்லிலீற்றர் பெற்றோலை ஊற்றுங்கள். மூடி நன்றாகக் குலுக்கி, மூடியை மெதுவாகத் திறந்து ஆவியை விட்டு, கொஞ்ச நேரம் அசையாமல் வையுங்கள். பெற்றோல் மேலே, தண்ணீர் கீழே பிரியும். எதனோல் இல்லை என்றால் கீழ்ப்படை 10இலேயே நிற்கும். இருந்தால் அது தண்ணீரோடு சேர்ந்துவிடும், கீழ்ப்படை உயரும். பத்து சதவீதக் கலவை என்றால் கோடு 18, 19 பக்கம் வரும். வீட்டுக்கு வெளியே, அடுப்புக்கும் சிகரெட்டுக்கும் தூரத்தில் செய்யுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். சோதித்த பெற்றோலை டேங்கில் திரும்ப ஊற்றக்கூடாது.

இது எதனோலை மட்டும்தான் காட்டும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் இதில் தெரியாது.

மைலேஜ் அளப்பதிலும் கவனம் வேண்டும். ஹட்டனிலிருந்து கினிகத்தேனைக்கு இறங்கும்போது வரும் எண்ணை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. ஏற்றமும் இறக்கமும் சேர்ந்த முழுச் சுற்றை எடுங்கள். ஒரே செட், ஒரே பம்ப், வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி ஒரே மட்டத்துக்கு நிரப்புங்கள். ஒரு டேங்கை வைத்து முடிவுக்கு வரவேண்டாம். மூன்று சதவீத வித்தியாசத்தை மழையும், பின்னால் ஏறும் ஒரு ஆளும், டயர் காற்றும் சேர்ந்து மறைத்துவிடும்.

நோர்வூட்_ரைடர்:

டீச்சருக்கும் கராஜ் அண்ணனுக்கும் குமார் அண்ணனுக்கும் மிக்க நன்றி. வழக்கமாக அடிக்கும் செட்டிலிருந்து எடுத்த பெற்றோலில் சோதனை செய்து பார்த்தேன். கீழ்ப்படை 10ஐ விட்டு நகரவில்லை. வண்டியை இங்கே ஒரு கராஜில் கொடுத்துப் பார்த்ததில் சோக் கேபிள் இறுகி, சோக் பாதி திறந்த நிலையிலேயே நின்றிருக்கிறது. பின் பிரேக்கும் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டையும் சரிசெய்து, கராஜ் அண்ணன் சொன்னபடி எயார் ஃபில்டரும் மாற்றியாகிவிட்டது. மேட்டில் இப்போது மூன்றாவதிலேயே ஏறுகிறது. மைலேஜைச் சில டேங்க் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

இனி ஒரு கேள்விதான். இன்று இல்லாவிட்டாலும் ஒருநாள் இங்கேயும் எதனோல் வரத்தான் போகிறது என்று நினைக்கிறேன். அப்படி வந்தால் எதை ஏற்றுக்கொள்ளலாம், எதைக் கேட்க வேண்டும்?

வெலிமடை_டீச்சர்:

விலையைத்தான் முதலில் கேட்க வேண்டும். லீற்றர் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சக்தியின் அளவுப்படி பார்த்தால் இ10 290க்கும், இ20 280க்கும் விற்றால்தான் ஒரு கிலோமீற்றருக்கான செலவு அதேயளவில் நிற்கும். அதே 300க்கு விற்றால் அந்த 10 ரூபாயும் 20 ரூபாயும் நானுஓயா அண்ணன் போன்றவர்களின் பையிலிருந்து போகிறது. நாட்டுக்கு நன்மை என்றால் அதன் செலவை ஹயர் ஓடுபவர் தலையில் மட்டும் வைப்பது நியாயம் இல்லை. அடுத்தது, பம்பில் எத்தனை சதவீதம் என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்க வேண்டும்.

நானுஓயா_த்ரீவீல்:

அதோடு பழைய வண்டிகளுக்கு எதனோல் இல்லாத பெற்றோல் ஒரு வகையாவது செட்டில் இருக்க வேண்டும். 95இல் கலந்து 92ஐ விட்டுவைத்தாலும் எங்களுக்குப் போதும். எங்கள் ஸ்டாண்டில் நிற்கும் வண்டிகளில் பாதிக்கு மேல் லீசிங் கட்டி முடித்த பழைய வண்டிகள். புதிது வாங்கும் நிலையில் யாரும் இல்லை.

பதுளை_வேகன்ஆர்:

95 போடுபவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? என் காரின் மூடியைத் திறந்து பார்த்தேன், அதில் 10 சதவீதத்துக்கு ஏற்றது என்ற குறிப்பு எதுவும் இல்லை. கையேடு ஜப்பான் மொழியில் இருக்கிறது, யாரிடமாவது கொடுத்துப் படிக்க வேண்டும். எந்த வகையில் கலந்தாலும் பக்கத்தில் கலக்காதது ஒன்று இருக்க வேண்டும் என்பதுதான் சரி.

நோர்வூட்_ரைடர்:

கராஜ் அண்ணன், பெற்றோல் டியூபை இப்போதே மாற்றி வைப்பதில் பிரயோசனம் உண்டா? என்னுடையது வாங்கியபோது வந்த அதே டியூப்தான்.

தலவாக்கலை_கராஜ்:

பத்து வருஷத்துக்கு மேலான டியூப் என்றால் எதனோல் வராவிட்டாலும் மாற்றுங்கள் தம்பி. கடையில் மீற்றர் கணக்கில் வெட்டித் தரும் மலிவான ஊடுதெரியும் டியூபை வாங்க வேண்டாம், அது சாதாரண பெற்றோலிலேயே மஞ்சளாகி விறைத்துவிடும். எஸ்ஏஇ ஜே30ஆர்9 என்று மேலே அச்சிட்ட கறுப்பு டியூப் கேளுங்கள், அதன் உள்ளடுக்கு எதனோலைத் தாங்கும் ரப்பர். ஹட்டனில் கிடைக்காவிட்டால் கண்டியில் கார் உதிரிப்பாகக் கடையில் விசாரியுங்கள். உங்கள் பைக்குக்கு ஒரு அடி நீளம் போதும், ஆனால் உள்விட்டம் சரியாக இருக்க வேண்டும், பழைய துண்டைக் கையோடு கொண்டுபோங்கள். காபரேட்டரைக் கழற்றும்போது கிண்ணத்தின் ஓ ரிங்கையும் மிதவை ஊசியையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். கிளிப்பையும் புதிதாகப் போடுங்கள், பழைய கிளிப் புது டியூபை வெட்டும்.